கண்ணுக்குக் கீழே ஒன்பது

அந்தத் தெருவில் அவருக்குப் புருவக்காரர் என்று பெயர். நாற்பத்திரண்டு வருஷமாக அவர் செய்து வந்தது தலைகள். விக் மாட்டி வைக்கிற, கழுத்தோடு நிமிர்ந்து நிற்கிற பீங்கான் தலைகள். ஆனால் தலை செய்வதை ஒரு வேலையாக அவர் சொல்லிக்கொண்டதில்லை. அது அச்சின் வேலை. இரண்டு பாதியாகப் பிரியும் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, ஓரமெல்லாம் விரல் கனத்துக்கு மண் பிடித்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே கூடாக ஒரு தலை நின்றுவிடும். அதை மனைவி ஊற்றுவாள், காயவைப்பாள், சூளையில் அடுக்குவாள். முகம் எழுதுவது மட்டும் அவர் பொறுப்பு. அதிலும் புருவம் என்றால் வேறு யாரும் பேசக்கூட முடியாது. ஒரு புருவத்துக்கு இருபத்திரண்டு கோடு, ஒவ்வொன்றும் மயிரிழை. பத்தொன்பதாவது கோட்டில் தும்மல் வந்தால் தும்மலை விழுங்கிக்கொள்வார்.

"எப்படியும் மேல டோப்பாவை மாட்டப் போறாங்க. அதுக்கு ஏன் மாமா இந்தப் பாடு?" என்று மச்சான் கேட்பான். மனைவியின் தம்பி. வேன் வைத்திருந்தான். தலைகளைக் கடைகளில் சேர்ப்பதும் பட்டறைக்குச் சாமான் வாங்கி வருவதும் அவன்தான்.

"டோப்பா நெத்தியோட நின்னுடும்டா. புருவம் வெளியதானே கெடக்கும்" என்பார்.

அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபத்தொரு வயதில் ஒரு பீங்கான் கம்பெனியில் தரை பெருக்கச் சேர்ந்தார். முகம் எழுதுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் குப்பையிலிருந்து உடைந்த கன்னம், உடைந்த நெற்றி என்று பொறுக்கி அதில் எழுதிப் பார்ப்பார். ஒருநாள் முதலாளி ஒரு ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தப் புருவம் யாருது?" என்று பட்டறை முழுக்கக் கேட்டார். துடைப்பத்தோடு நின்றவர் கையைத் தூக்கினார். மறுநாளிலிருந்து துடைப்பம் வேறொருவன் கைக்குப் போயிற்று.

அந்தக் கம்பெனியில் நிறங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். காரணம் இருந்தது. அவை உலோகப் பொடிகள். சூளைக்குள் போய் வெந்து வந்தால்தான் நிறம். அதற்கு முன்னால் எல்லாமே ஒரே குடும்பத்துச் சாம்பல். கண்ணால் பார்த்து எடுத்தால் மோசம் போவோம் என்று ஒன்பது ஜாடிகளுக்கும் மூடியில் எண் போட்டு, சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள். கண்மணிக்கு இரண்டு. புருவத்துக்கு மூன்று. கன்னத்துக்கு ஐந்து. உதட்டுக்கு ஏழு. பின்னால் முதலாளி கம்பெனியை விட்டு வேறு தொழிலுக்குப் போனபோது, அச்சுகளையும் ஜாடிகளையும் அந்த அட்டையையும் புருவக்காரர் வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் பட்டறை போட்டார். எண்களும் கூடவே வந்தன. வீட்டிலும் அதே பேச்சுதான். "ஏழு தீரப் போகுது", "அஞ்சைக் கரைச்சு வையி" என்பதைத் தாண்டி அந்தப் பட்டறையில் சிவப்பு என்றோ பச்சை என்றோ ஒரு சொல் விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

ஒன்பதாம் ஜாடி எதற்கென்று அட்டையில் இல்லை. கம்பெனியில் இருந்தபோதே அவர் அதை ஒரு ஓட்டுத் துண்டில் பூசி, சூளையில் வைத்துப் பார்த்திருந்தார். வெந்து வந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. மெல்லிய, சூடான ஒரு நிறம். நன்றாகத் தூங்கி எழுந்து, வெயிலில் கொஞ்ச தூரம் நடந்து வந்தவர் முகத்தில் ஏறுமே, அந்த மாதிரி. அடுத்து எழுதிய இரண்டு தலைகளில், ஒவ்வொரு கண்ணுக்குக் கீழேயும் ஒன்பதில் மூன்று தீற்றல் வைத்து, கட்டைவிரலால் ஒரே இழுப்பாக மழுக்கிவிட்டார். முதலாளி அந்தத் தலைகளை வெகுநேரம் பார்த்தார். "துணிச்சல்காரன்தான்டா நீ" என்றார். அவ்வளவுதான். மற்ற முகம் முழுக்க அட்டை சொன்னபடி. கண்ணுக்குக் கீழே உள்ள அந்த விரலகலம் மட்டும் அவர் சொந்தம். முப்பத்தொரு வருஷத்தில் மூவாயிரம் தலைக்கு மேல் போயிருக்கும். ஒன்பது வைக்காமல் ஒன்று போனதில்லை.

அந்த முதல் இரண்டு தலைகளும் போய்ச் சேர்ந்தது ஒரு விக் கடைக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பழம்பொருள் வாங்குகிறவர்கள் வந்து கேட்டும் கடைக்காரம்மா கொடுத்ததில்லை. போன மாதம் கடையில் தட்டு சரிந்து, ஒன்று விழுந்து தூளாகிவிட்டது. மிஞ்சிய தலையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைக்காரம்மா நேரே பட்டறைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, இவளுக்கு ஜோடி வேணும். அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை கடையை இடம் மாத்துறேன். அங்க போறப்போ ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்."

"போகலாம்மா. அதே அச்சு இன்னும் இருக்கு."

"அச்சு இருக்கட்டும். கண்ணுக்குக் கீழ இருக்கு பாருங்க, அது. அது மட்டும் அப்படியே வரணும். மத்தது முன்னப் பின்ன இருந்தாலும் நான் கேக்க மாட்டேன்."

"அது என் கை வேலைம்மா. எங்க போயிடும்?"

"உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி, பழைய தலையை மாதிரிக்கு விட்டுவிட்டுப் போனார். எப்போது வந்தாலும் இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போவார். மரியாதைக்குச் சொல்கிறார் என்றே புருவக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்று கேட்டால் மூன்று ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். மூன்றில் ஒன்று காயும்போது வெடிக்கும், ஒன்று வேகும்போது கோணும். இந்தத் தடவை மூன்றும் முதல் வேக்காட்டில் பழுதில்லாமல் வெளியே வந்தன. ஆனால் பழைய ஜாடிகளில் ஏழும் ஒன்பதும் அடிவரை வழித்தாயிற்று. பொடி விற்ற கடையில் இப்போது குப்பிகளில் கரைத்த நிறம்தான் கொடுக்கிறார்கள் என்று மச்சான் ஒரு பெட்டி வாங்கி வந்தான். குப்பிகளிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் இருந்தது.

"மாமா, இது புது மாதிரி. பூசுறப்போ எப்படித் தெரியுதோ அப்படியேதான் வெந்து வருமாம். கண்ணால பாத்தே எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

புருவக்காரர் கண்ணால் பார்த்துத்தான் எடுத்தார். மூடியில் ஏழு என்று பார்த்து எடுத்தார்.

*

சூளை திறந்தது புதன்கிழமை காலை. மனைவி கனத்த கையுறை மாட்டிக்கொண்டு கதவை இழுத்தாள். மச்சான் வைக்கோல் நிரப்பிய பெட்டியோடு நின்றான். மூன்றில் முகம் எழுதிய ஒரு தலையைப் புருவக்காரர் தானே எடுத்து, திருப்பி, முதலில் புருவத்தைப் பார்த்தார். நாற்பத்துநாலு கோடும் நின்றிருந்தன. ஒன்றுகூட ஓடவில்லை. பிறகு உதட்டைப் பார்த்தார், கண்ணுக்குக் கீழே பார்த்தார். மேசையில் பழைய தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார்.

திரும்பிப் பார்த்தார். மனைவி ஒரு கையுறையைக் கழற்றியவள் இன்னொன்றைக் கழற்ற மறந்து நின்றாள். மச்சானுக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"என்ன? எங்கயாவது விரிசலா?"

மச்சான்தான் முதலில் உடைந்தான். சிரிப்பு அவனை மீறி வந்துவிட்டது. "மாமா... இந்தம்மா என்ன, தோட்டத்துல மேஞ்சுட்டு நேரா வந்துட்டாங்களா?"

"டேய், சும்மா இருடா" என்றாள் அக்கா. ஆனால் குரல் அவள் குரலாக இல்லை. "என்னங்க. விளையாடுறீங்களா?"

"நான் என்ன விளையாடினேன்?"

"உதட்டுக்கு என்ன வச்சீங்க?"

"ஏழு."

"இது பச்சைங்க."

"எது?"

"உதடு. உதடு பச்சையா இருக்கு. கண்ணுக்குக் கீழ ரோஸா இருக்கு. எல்லாம் தலைகீழா இருக்கு. பாத்தா உங்களுக்குத் தெரியலையா?"

அவர் பார்த்தார். குனிந்து பார்த்தார். இரண்டு தலைகளையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பழைய தலையின் உதடும் புதிய தலையின் உதடும் அவருக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. புதியது ஒரு சுருதி கம்மி. பழைய பொடிக்கும் புதுக் குப்பிக்கும் அந்த அளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் மனைவி சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய், துணி காயப்போடும் கிளிப்புகள் கிடந்த வாளியைத் தூக்கி வந்து மேசையில் கவிழ்த்தாள்.

"இதுல சிவப்பு கிளிப்பை மட்டும் தனியா எடுத்து வைங்க."

"என்ன சின்னப் புள்ளை மாதிரி..."

"எடுங்கன்னா எடுங்க."

அவர் எடுத்தார். யோசித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, நாற்பத்திரண்டு வருஷக் கவனத்தையும் சேர்த்துப் பிடித்து எடுத்தார். பதினொன்று வந்தது. வரிசையாக அடுக்கி வைத்து நிமிர்ந்தார்.

மனைவி வரிசையிலிருந்து ஐந்தை விலக்கினாள். மற்ற குவியலுக்குள் கைவிட்டு நாலைப் பொறுக்கி வரிசையில் சேர்த்தாள். அவர் கண்ணுக்கு அவள் எடுத்ததும் வைத்ததும் ஒன்றாகவே தெரிந்தன. அப்போதுதான் இது கேலி இல்லை என்று அவருக்கு உறைத்தது.

மச்சானுக்குச் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. "மாமா, நான் லைசென்ஸ் எடுக்கப் போனப்போ புள்ளி புள்ளியா ஒரு படம் காட்டுனாங்க. நடுவுல நம்பர் இருக்கும். எனக்கு முன்னால நின்ன ஆளுக்கு அது தெரியவே இல்ல. படத்துல ஒண்ணுமே இல்லைன்னு சண்டை போட்டான். சில பேருக்குப் பொறக்குறப்பவே அப்படித்தானாம். சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுமாம். அவங்களுக்கே தெரியாமலே காலம் ஓடிடுமாம்."

"ஓடிடும்னா?" என்றார். "நான் முகம் எழுதுறவன்டா."



அவர் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். புதுக் குப்பிகளின் எண்கள் அந்த அட்டையின் எண்கள் இல்லை. தன்னை இத்தனை காலம் தாங்கிப் பிடித்தது அதுதான் என்று தெரிந்தது. உதட்டைச் சிவப்பாக்கியது அவர் அல்ல, ஏழு. கன்னத்துக்கு உயிர் கொடுத்தது அவர் அல்ல, ஐந்து. அட்டையில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பழைய தலையை மனைவி பக்கம் திருப்பினார். கண்ணுக்குக் கீழே விரலை வைத்தார்.

"இது?"

"அது பச்சைதான். எப்பவும் பச்சைதானே போடுவீங்க."

"பச்சைன்னா? இலை மாதிரியா?"

"வாடின இலை. கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி. ராத்திரி முழுக்கத் தூங்காதவங்களுக்குக் கண்ணுக்கடியில விழுமே, அது மாதிரி." அவள் நிறுத்தினாள். "ஏன், நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

மூவாயிரம் முகம். ஒவ்வொன்றையும் தூங்கி எழுந்த முகம் என்று நினைத்து அனுப்பியிருந்தார். அத்தனையும் தூங்காமல் போயிருக்கின்றன.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னத்தைச் சொல்றது? மனுஷன் வேணும்னுதான் செய்யறார், அது ஒரு பாணின்னு நினைச்சேன். முதலாளியே ஒண்ணும் சொல்லல, நான் யாரு..." பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அவள் களிமண் மூட்டை மேல் உட்கார்ந்தாள். வேறு எதையோ கணக்குப் பார்க்கிற முகம். "என்னங்க. அந்தச் சால்வை."

"எந்தச் சால்வை?"

"கல்யாணமான புதுசுல. சிவப்பா ஒரு சால்வை வேணும்னு கேட்டேன். நீங்க வாங்கிட்டு வந்தீங்க."

"ஆமா. கடை கடையா ஏறி வாங்கினேன்."

"அது பாசி நிறம்ங்க. குளத்துல கெடக்குமே, அந்தப் பாசி."

அவர் வரிசையில் கிடந்த கிளிப்புகளைப் பார்த்தார்.

"சிவப்பு எனக்கு எடுக்காதுன்னு நேராச் சொல்ல மனசு வராம, வேற நிறத்தை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னு நினைச்சேன். இவருக்குப் பிடிக்கல போலன்னு நானும் விட்டுட்டேன். அதுக்கப்புறம் சிவப்புல ஒரு கைக்குட்டை வாங்கினது கிடையாது. முப்பத்துநாலு வருஷம்." அவள் தன் கையில் இன்னும் மாட்டியிருந்த ஒற்றைக் கையுறையைப் பார்த்தாள். "உங்க மேல கோபப்படக்கூட வழி இல்லாமப் பண்ணிட்டீங்களே."

மச்சான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனான். போனவன் உடனே வரவில்லை.

*

கடைக்காரம்மா அன்று மத்தியானமே வந்துவிட்டார். வேலை எப்படிப் போகிறதென்று பார்க்காமல் அவருக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வேன் பக்கத்தில் நின்ற மச்சான் அவரைப் பார்த்ததும் சேதி சொல்லப் பட்டறைக்குள் ஓடிவந்தான். மனைவி புதுத் தலைமேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள்.

"சொல்லித் தொலைச்சிடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "இன்னும் ரெண்டு தலை இருக்கு. குப்பியை நான் பாத்து எடுத்துத் தர்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேக வச்சிடலாம். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"ஆமா மாமா. பெரிய கலைஞன்னு நினைச்சுட்டு இருக்காங்க. நினைச்சுட்டுப் போகட்டுமே."

அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது. சோறுபோட்ட தொழில். ஒரு குப்பியின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியப்போவதில்லை.

கடைக்காரம்மா வந்து, பழைய தலைக்கு முன்னால் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். கடை விளம்பரத்துக்காக அவர் எப்போதும் ஒரு விக் வைத்திருப்பார். அன்று வைத்திருந்தது நல்ல கருப்பு, தோள் வரைக்கும்.

"என்னண்ணே, முகமே சரியில்ல? அண்ணி திட்டினாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஜோடி... வெள்ளிக்கிழமை ஆயிடும்."

"கண்ணுக்குக் கீழ?"

புருவக்காரர் மேசையில் கிடந்த கிளிப்புகளை வாளிக்குள் அள்ளிப்போட்டார். அவர் தயங்குவதைப் பார்த்து, தான் தொந்தரவு செய்வதாக நினைக்கிறார் போல என்று கடைக்காரம்மா எடுத்துக்கொண்டார்.

"ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்றேன்னு நினைக்காதீங்க. இதை நான் உங்ககிட்ட நேராச் சொன்னதே இல்ல. உங்களுக்குத் தெரியாததா, நாம வேற சொல்லணுமான்னு விட்டுட்டேன்." பழைய தலையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். "எனக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு. மருந்து ஏத்தி ஏத்தி உடம்புல ஒரு முடி மிச்சமில்ல, புருவம் உள்பட. கடை அப்போ எங்க சின்னம்மாவோடது. வாடி, உனக்கு ஒண்ணு மாட்டிப் பாப்போம்னு கண்ணாடி முன்னால உக்கார வச்சாங்க. கண்ணாடியைப் பாக்கவே மாட்டேன்னு தலையைத் திருப்பிக்கிட்டேன். திருப்பின பக்கம் இவ இருந்தா."

மனைவி சாக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"வீட்டுல எல்லாரும் அப்போ ஒரே பாட்டு. 'நல்லாத்தான் இருக்கே, பாத்தா தெரியவே இல்ல.' என் கண்ணுக்கடியில பச்சை பூத்துக் கெடக்கு, எனக்குத் தெரியாதா? இவளுக்கும் பூத்துக் கெடந்துச்சு. அதே பச்சை, அதே இடம். அதோட நல்லா அழகாப் புருவம் வச்சுக்கிட்டு, தலையை நிமித்திக்கிட்டு உக்காந்திருந்தா. யாரோ ஒருத்தர் நம்மளை மாதிரி ஒருத்தியைக் கிட்ட இருந்து பாத்திருக்கார், பாத்தும் மறைக்கணும்னு தோணலைன்னு நினைச்சேன். அன்னைக்குத்தான் கண்ணாடியைப் பாத்தேன். இன்னைக்கு வரைக்கும் என் கடைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் இவங்களுக்கு நடுவுலதான் உக்கார வைக்கிறேன். இதை எழுதினவர் பக்கத்துலதான் இருக்கார், தெரிஞ்சு எழுதினவர்னு சொல்வேன்."

மச்சான் வாசலில் நின்று, அக்காவைப் பார்த்தான். சொல்லாதீங்க என்று இருவர் கண்ணும் புருவக்காரரைக் கெஞ்சின. அவர் 'ஆமாம்மா' என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும். அசைக்க முடியவில்லை. தன்னிடம் இல்லாத ஒரு பார்வையை இந்த அம்மா முப்பது வருஷமாகத் தன் பேரில் எழுதி வைத்திருக்கிறார் என்பது, பச்சை உதட்டைவிடப் பெரிய அடியாக விழுந்தது.

"தெரிஞ்சு எழுதல" என்றார்.

"என்னண்ணே?"

"எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதும்மா. ஒண்ணாத்தான் தெரியும். இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்." எழுந்து போய்ச் சாக்கை எடுத்தார். "இது இப்ப வெந்து வந்தது. உதட்டைப் பாத்துக்குங்க."

கடைக்காரம்மா பார்த்தார். பச்சை உதட்டை, ரோஜாப்பூ மாதிரி இருந்த கண்ணுக்கடியை, திரும்பவும் உதட்டை. மனைவியைப் பார்த்தார். மனைவி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்போ... இவளுக்கு?"

"கையில கிடைச்ச ஜாடி. என் கண்ணுக்குச் சூடா, நல்லா இருந்துச்சு. நல்லாத் தூங்கி எழுந்த முகம்னு நினைச்சுத்தான் வச்சேன். சீக்குன்னு நினைச்சு வைக்கலம்மா. நீங்க சொன்ன மாதிரி நான் யாரையும் பாக்கல."

கடைக்காரம்மா எழுந்தார். முற்றத்துக்குப் போய், காயவைத்த அச்சுகளுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றார். இங்கிருந்து பார்த்தால் அழுகிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கேட்டை நோக்கி இரண்டு எட்டு வைத்தார், நின்றார். மனைவி கணவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள். "போதுமா? ஒரு மனுஷிகிட்ட இருந்ததையும் புடுங்கியாச்சா?"

செய்தது தப்பு என்றே அவருக்கும் பட்டது. ஆனால் மறுபடி கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார் என்பதும் தெரிந்தது.

கடைக்காரம்மா திரும்பி வந்தபோது நேரே புதுத் தலைக்கு முன்னால் போய் நின்றார். "அப்போ இதுதான் நீங்க நினைச்ச முகமா? நல்லாத் தூங்கி எழுந்தது?"

"உதட்டை விட்டுடுங்க" என்றார் புருவக்காரர்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரம்மாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. கேட்டவர்கள் மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. சிரித்த சிரிப்பில் விக் ஒரு பக்கமாக நழுவி, அடியில் நரைத்த சொந்த முடி எட்டிப் பார்த்தது. அதை நேராக்கக்கூட இல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் இவரோட மனசுக்குள்ளயே பேசிட்டு இருந்தேன் அண்ணி. இவருக்குத்தான் தெரியும், இவருக்குத்தான் தெரியும்னு. இவர் என்னடான்னா..." மூச்சு வாங்கினார். பிறகு சிரிப்பு முழுக்க வடிந்துபோன குரலில் கேட்டார். "எழுதாத தலை மிச்சம் இருக்கா?"

"ரெண்டு இருக்கு" என்றாள் மனைவி.

"ஒண்ணு எடுத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை எனக்கு ஜோடி வேணும்."

"நான் எப்படிம்மா போடறது?" என்றார் புருவக்காரர். "எவ்வளவு போட்டா அது அதுவா வரும்னு எனக்குத் தெரியாதே. முன்ன தெரியாமப் போட்டேன், கை ஓடிச்சு. இப்ப தெரிஞ்சுட்டு, கை ஓட மாட்டேங்குது." தன் வலது கையை மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியும்."

மனைவி வெள்ளைத் தலையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒருமுறை மட்டும் வெந்த, கண்ணும் உதடும் இல்லாத தலை. பக்கத்தில் ஒரு பென்சிலையும் வைத்தாள். பென்சில் கோடு சூளையில் எரிந்துபோகும், அதனால் எத்தனை தப்புக் கோடு வேண்டுமானாலும் போடலாம் என்று சொன்னாள். பிறகு குப்பிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து உள்ளே பார்க்க ஆரம்பித்தாள்.

கடைக்காரம்மா பென்சிலை எடுத்தார். எழுதிப் பழக்கமில்லாத பிடி. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்பதில் தயக்கமில்லை. மூக்கோரத்தில் தொடங்கி, கண்குழியின் எலும்பு வளைவிலேயே இறக்கினார்.

"ரெண்டாவது மாசம் இவ்வளவுதான்." அதற்குக் கீழே இன்னொரு கோடு. "நாலாவது மாசம் இங்க வந்துடுச்சு. அப்போ உள்பக்கம் ரொம்பக் கருத்துடும். வெளிப்பக்கம் போகப் போக ஒண்ணுமே இல்லாம ஆயிடும்." விக் சரிந்தபடியே, தன் முகத்தில் விரலை வைத்து ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவது கோட்டைப் போட்டார். "ஆறாவது மாசம். அப்பதான் நான் கடைக்கு வந்தேன்."

புருவக்காரர் அந்த மூன்று கோடுகளையும் பார்த்தார். இத்தனை வருஷம் எழுதிய முகங்களில் ஒன்றைப் பற்றியும் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றியதுகூட இல்லை. மனைவி ஒரு குப்பியைத் தேர்ந்து, கிண்ணத்தில் ஊற்றி, சாம்பல் நிறத்தில் ஒரு துளி கலந்து, பழைய தலைக்குப் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்து, அவர் முன்னால் வைத்தாள். எண் சொல்லவில்லை.

அவர் தூரிகையைத் தோய்த்து, கிண்ணத்தின் ஓரத்தில் வடித்தார்.

"எந்த மாசம்மா வேணும்?"

"ஆறு."

மூக்கோரத்தில் தொட்டார். வெந்த மண் அந்த நிறத்தை உடனே உறிஞ்சியது. அவர் கண்ணுக்கு அது வெறும் ஈரம்தான். கோட்டோடு கீழே இறக்கினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்.

"போதுமா?"

"இன்னும் கீழ" என்றார் கடைக்காரம்மா. "இன்னும் கொஞ்சம் கீழ."